அறுபதில் அடங்காத இருபத்துநான்கு

கீழவைப்பாரைப் படம்பிடிக்க வருகிற யாரும் கேமராவை ஒருமுறையாவது இடமிருந்து வலமாக மெல்லத் திருப்பாமல் போவதில்லை. ஊர் அப்படி அமைந்திருக்கிறது. சாத்தூரைத் தாண்டி, பாதி நாள் வறண்டும் பாதி நாள் நனைந்தும் வருகிற வைப்பாறு இங்கேதான் மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. பக்கத்தில் சிப்பிகுளம். பின்னால் உப்பளமும் பனையும். முன்னால் மணலில் ஏற்றிவைத்த வள்ளங்கள், அவற்றுக்கு அப்பால் நங்கூரத்தில் ஆடுகிற வள்ளங்கள், அதற்கும் அப்பால் ஒரே கோடாகத் தொடுவானம். மலை கிடையாது, மேடு கிடையாது. எல்லாமே படுக்கைவசம். அந்தப் படுக்கைக் கோட்டின் மேல் பனை, பாய்மரம், மின்கம்பம், கோயில் உச்சிச் சிலுவை என்று நெட்டுக்கு நிற்பவை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும்.

கேமராவை இப்படித் திருப்புவதைச் சினிமாக்காரர்கள் ‘பேன்’ என்பார்கள். எடுப்பது எளிது. திரையில் சரியாக ஓடவைப்பதுதான் கடினம். ஓர் ஆள் நடந்துபோகிறார், ஒரு முகம் திரும்புகிறது என்றால் ஓட்டத்தில் உள்ள சின்னப் பிசகுகளை நம் கண் பொருட்படுத்தாது. ஆனால் நேரான தொடுவானத்தின் மேல் நேரான ஒரு பாய்மரம் ஒரே சீராக நகர்கிறபோது, அந்தச் சீரில் துளி குறைந்தாலும் உறுத்தும். மலையூர்க் காட்சியில் ஒளிந்துகொள்ளும் குறை கடலோர ஊர்க் காட்சியில் ஒளிய இடமில்லாமல் வெளியே வந்துவிடும். ஆகவே, திரை தன் ஓட்டத்தைப் படத்தின் ஓட்டத்தோடு பொருத்திக்கொள்வதில் இருக்கும் நயத்தைச் சொல்ல இந்தக் கரையைவிட நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை.

ஒளிப்பதிவாளர்களிடையே ஒரு பழைய கணக்கு உண்டு. விநாடிக்கு 24 ஃப்ரேமில் எடுக்கும்போது, ஒரு பொருள் திரையின் இந்த ஓரத்தில் நுழைந்து அந்த ஓரத்தில் மறைய 7 விநாடியாவது ஆக வேண்டும். அதற்குமேல் வேகமாகத் திருப்பினால் படம் அதிரும். அந்தக் கணக்குப்படி ஒரு பனைமரம் திரையைக் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 7 விநாடிக்கு 168 ஃப்ரேம். திரையின் அகலம் 1920 பிக்சல் என்றால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் பனை 11 பிக்சலுக்குச் சற்று அதிகமாக நகர்ந்திருக்கும். ஒவ்வொரு ஃப்ரேமும் திரையில் நிற்க வேண்டிய நேரம் 41.67 மில்லிவிநாடி. எல்லாவற்றுக்கும் ஒரே நேரம், ஒன்றுக்கு அதிகமில்லை, ஒன்றுக்குக் குறைவில்லை. படமெடுத்தவர் நமக்கு அனுப்பிவைத்தது இதைத்தான்.

நம் வீட்டு டிவி, லேப்டாப், போன்களில் பலவும் 60 ஹெர்ட்ஸ். அதாவது விநாடிக்கு 60 முறை திரை தன்னைப் புதிதாக எழுதிக்கொள்கிறது; ஒரு முறைக்கு 16.67 மில்லிவிநாடி. 60-ஐ 24-ஆல் வகுத்தால் இரண்டரை வரும். திரைக்கு அரை எழுதத் தெரியாது. ஆகவே ஒரு ஃப்ரேமை 2 முறை எழுதுகிறது, அடுத்ததை 3 முறை எழுதுகிறது. ஒன்று 33.3 மில்லிவிநாடி நிற்கிறது, அடுத்தது 50 நிற்கிறது. நம் கண்ணோ பனையைப் பின்தொடர்ந்து ஒரே வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. பனை ஒரு தடவை கண்ணை முந்துகிறது, மறு தடவை கண்ணுக்குப் பிந்துகிறது. வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்தால் இரண்டு பிக்சல் சொச்சம்தான். ஆனால் விநாடிக்கு 12 தடவை அது நடக்கிறது. இரண்டு பிக்சலைக் கண் தனியாகப் பார்க்காது. மரத்தின் ஓரம் நடுங்குவதாகவும், கரை திக்கித் திக்கி நகர்வதாகவும் மட்டும் உணரும்.

மிருதங்கம் படிக்கிற பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரண்டும் மூன்றும் என்றால் தக, தகிட. கண்ட நடை. கண்டம் அழகானது, ஐந்தில் உள்ள அந்தச் சாய்வை வேண்டுமென்றே வைத்து உருப்படி செய்கிறார்கள், கேட்கக் கேட்கச் சுகம். சதுசிரத்தில் கட்டிய பாட்டுக்கு யாரையும் கேட்காமல் கண்டத்தில் வாசித்தால்தான் பொறுக்காது. சம இடைவெளியில் பதிந்த 24 ஃப்ரேமுக்கு 60 ஹெர்ட்ஸ் திரை செய்வது அதுவே.

சினிமாக் கொட்டகையில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. 1905-ல் சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரும் படச்சுருள்களும் வாங்கி ஊர் ஊராகக் காட்டத் தொடங்கிய காலத்தில் கைப்பிடியைச் சுற்றித்தான் படம் ஓட்டினார்கள். விநாடிக்கு 16 ஃப்ரேம் என்பது ஏறத்தாழ வழக்கம். சுற்றுபவரின் கை தளர்ந்தால் குறையும், உற்சாகம் வந்தால் கூடும். பேசும்படம் வந்ததும் அந்தச் சுதந்திரம் போயிற்று. ஒலித்தடம் ஒரே வேகத்தில் ஓடாவிட்டால் குரல் இழுபடும். நிமிடத்துக்கு 90 அடி ஃபிலிம், விநாடிக்கு 24 ஃப்ரேம் என்று முடிவானது அதற்காகத்தான். 1931-ல் ‘காளிதாஸ்’ தமிழில் பேசியபோது உலகம் இந்த எண்ணுக்கு வந்து சேர்ந்திருந்தது. காதுக்காக வைத்த எண் கண்ணுக்கும் சட்டமாயிற்று.

ஆனால் விநாடிக்கு 24 முறை மட்டும் வெளிச்சம் விட்டுவிட்டு வந்தால் கண் கூசும். அதனால் புரொஜெக்டரின் ஷட்டரில் இரண்டு இதழ் வைத்தார்கள். ஒரே ஃப்ரேம் நின்ற நிலையில் இரண்டு தடவை வெளிச்சம் பாய்கிறது. விநாடிக்கு 48 மின்னல். மூன்று இதழ் வைத்தால் 72. சரி இரண்டு அல்லது சரி மூன்று. எந்த ஃப்ரேமுக்கும் பாரபட்சம் இல்லை. சுழலும் ஒரு தகர வட்டில் இரண்டு வெட்டு வெட்டி இந்தச் சிக்கலைத் தீர்த்த அந்தக் கைநுட்பத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும். கடலோர ஊர்களில் டூரிங் டாக்கீஸ் கீற்றுக்கொட்டகையில், மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தவர்களுக்குக் கிடைத்த ஓட்டம், இன்றைக்கு ஐம்பதாயிரம் ரூபாய் டிவியில் பார்ப்பவருக்குப் பல நேரம் கிடைப்பதில்லை.

வீட்டுக்கு டிவி வந்தபோது கணக்கு வேறு திசையில் போயிற்று. பழைய டிவிகளின் படவேகத்தை அந்தந்த நாட்டு மின்சாரத்தின் துடிப்போடு சேர்த்துக் கட்டினார்கள். இரண்டும் ஒட்டாமல் போனால் மின்சாரத்தின் இரைச்சல் திரையில் பட்டையாக மேலேறிக்கொண்டே இருக்கும் என்பது காரணம். அமெரிக்காவில் மின்சாரம் 60, ஆகவே டிவியும் 60. நமக்கு 50. கீழவைப்பாருக்குத் தெற்கே, தூத்துக்குடி அனல் மின் நிலையத்தின் முதல் அலகு 1979-ல் ஓடத் தொடங்கியது. 210 மெகாவாட் அலகுகள் ஐந்து அங்கே எழுந்தன. அவற்றின் டர்பைன் தண்டு நிமிடத்துக்கு 3000 சுற்று, விநாடிக்குச் சரியாக 50. ‘பால்’ (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் தூர்தர்ஷன் நமக்கு அனுப்பிய படமும் விநாடிக்கு 25 ஃப்ரேம், ஒவ்வொன்றும் இரண்டு பாதியாக, 50. கடற்கரையில் ஓர் இரும்புத் தண்டு சுழலும் வேகமும் வீட்டுக்குள் படம் துடிக்கும் வேகமும் ஒன்றாக இருந்த காலம் அது.

இந்தக் கரைக்கு இன்னொரு கொடுப்பினையும் உண்டு. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியது. நடுவில் வெறும் கடல். அலைவரிசையைத் தடுக்க எதுவும் இல்லை. தூர்தர்ஷன் ஒழுங்காக எட்டுவதற்கு முன்பே இந்தப் பக்கத்துக் கடலோர ஊர்களில் உயரமான கம்பம் நட்டு, ஆன்டெனாவைக் கிழக்கே திருப்பி, கொழும்பை வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். ரூபவாஹினிக்கு நிலையம் எழுப்ப உதவியது ஜப்பான். ஜப்பானின் சொந்த டிவி 60 கணக்கில் ஓடுவது; ஆனால் இலங்கைக்கு 50 கணக்கில் ஓடும் பால் முறையே அமைந்தது. அதனால்தான் இங்கே வாங்கிய பெட்டியிலேயே அக்கரைப் படமும் தெளிந்தது.

சரி, 24 ஃப்ரேம் சினிமாவை 25 ஃப்ரேம் டிவியில் எப்படிக் காட்டினார்கள்? இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. பால் முறை நாடுகளின் வழக்கம், படத்தையே கொஞ்சம் வேகமாக, விநாடிக்கு 25 என்று ஓட்டிவிடுவது. நூற்றுக்கு நான்கு அதிகம். இரண்டரை மணி நேரப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒவ்வொரு ஃப்ரேமும் சரி இரண்டு முறை வருவதால் ஓட்டம் துளியும் திக்காது. பேன் ஷாட்டில் பனைமரம் எண்ணெய் தடவினாற்போல் நகரும். விலை என்னவென்றால், ஒலியும் அதே அளவு முடுக்கப்படும். பாட்டின் சுருதி ஏறிவிடும். எவ்வளவு? அரைக்கட்டை ஏறினால் எவ்வளவோ, அதில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. நான்கு நிமிடப் பாட்டு ஏறத்தாழப் பத்து விநாடி முன்னதாகவே முடியும்.

தூத்துக்குடிப் பக்கத்து வீடுகளில் இலங்கை வானொலி நாள் முழுக்கப் பாடிக்கொண்டிருந்த காலத்தை நினைத்துப்பாருங்கள். இசைத்தட்டிலிருந்து வரும் பாட்டு, பதிவான சுருதியிலேயே கேட்கும். அதே பாட்டு டிவியில் படத்தோடு வரும்போது சற்றே ஏறியிருக்கும். நாயகியின் குரல் கொஞ்சம் இளையதாகத் தோன்றும். ஆர்மோனியத்தோடு சேர்த்துப் பாடிப் பழகியவர் கட்டையைத் தேடித் தடுமாறுவார். இரண்டு கட்டைகளுக்கு நடுவே எங்கோ போய் நிற்கும் சுருதிக்கு ஆர்மோனியத்தில் இடமில்லை. 60 கணக்கு நாடுகளில் இதற்கு நேர்மாறு. அங்கே படத்தை முடுக்கவில்லை. இரண்டு மூன்று, இரண்டு மூன்று என்று பிரித்துக் காட்டினார்கள். சுருதி தப்பவில்லை, ஓட்டம் தப்பியது. ஆக, உலகத்தின் ஒரு பாதி காதைக் கொடுத்துக் கண்ணைக் காத்தது, மறுபாதி கண்ணைக் கொடுத்துக் காதைக் காத்தது. இரண்டையும் காக்கும் திரை ஒருவருக்கும் வீட்டில் வாய்க்கவில்லை.

இன்றைக்கு வாய்த்திருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு விசித்திரம் நடந்துவிட்டது. 50 கணக்கில் வளர்ந்த நம் நாட்டுக்குள் கம்ப்யூட்டர் மானிட்டரும் லேப்டாப்பும் போனும் 60 கணக்கோடு வந்து இறங்கின. தூர்தர்ஷன் காலத்தில் நாம் ஒருநாளும் பார்த்திராத அந்த இரண்டு-மூன்று நொண்டல் இப்போதுதான் நம் வீட்டுக்குள் வந்திருக்கிறது. ஒரு தலைமுறை அதிலேயே கண் பழகி, சினிமா என்றால் பேன் ஷாட் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு இதில் மெய்யான வருத்தம் உண்டு.

பழகாத கண் என்ன சொல்லும் என்பதைக் கீழவைப்பாரிலேயே பார்த்தேன். நண்பர் வீடு. அவருடைய பெரியப்பா சங்கு குளித்தவர். 1961-க்குப் பிறகு தூத்துக்குடிக் கரையில் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சங்குக் குளிப்பு மட்டும் தொடர்ந்தது, அதில் போனவர். திண்ணையில் இருந்தவர் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். டிவியில் ஏதோ ஒரு படம்; கடலிலிருந்து கரையைக் காட்டியபடி கேமரா நகர்ந்தது. ஸ்ட்ரீமிங் பெட்டி 60 ஹெர்ட்ஸில் பூட்டிக் கிடந்தது.

“ஏய்யா, கர என்ன விட்டுவிட்டுல்லா நவுருது?” என்றார்.

“எப்பிடி பெரியப்பா கண்டுபிடிச்சீய?”

“வள்ளத்துல இருந்து பாத்தா கர இப்பிடியா போவும்? அது பாட்டுக்கு ஒழுகிட்டுல்லா போவும்.”

பெட்டியின் அமைப்புக்குள் போய், படத்தின் ஃப்ரேம் ரேட்டைப் பின்பற்று என்ற இடத்தைத் திறந்துவிட்டோம். திரை ஒரு கணம் கறுத்து மறுபடி வந்தது. அந்தக் காட்சியையே திரும்ப ஓட்டினோம். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். “இப்பம் செரி” என்றார். பிறகு கதையைக் கேட்கத் தொடங்கிவிட்டார். வாழ்நாள் முழுக்க நகரும் வள்ளத்திலிருந்து நகராத கரையைப் பார்த்தவருக்கு 8 மில்லிவிநாடியின் பிசகு தெரிந்திருக்கிறது. எண்ணாகத் தெரியாது, உடம்புக்குத் தெரியும். அலையில் ஆடுகிற வள்ளத்திலிருந்து பார்த்தாலும் கரை தொடர்ச்சியாகத்தான் போகும், விட்டுவிட்டுப் போகாது என்கிற அனுபவம் அது.

அந்தக் கறுத்த கணத்தில் நடப்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெட்டியும் டிவியும் தங்களுக்குள் பேசி, இனி விநாடிக்கு 60 வேண்டாம், 24 அனுப்புகிறேன் என்று புதிதாக ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. டிவி அந்த 24-ஐ வாங்கி, தன் திரை 120 ஹெர்ட்ஸ் என்றால் ஒவ்வொரு ஃப்ரேமையும் 5 முறை எழுதும். சில டிவிகள் தம் திரையையே 48-க்கோ 96-க்கோ இறக்கிக்கொண்டு 2 முறையோ 4 முறையோ எழுதும். எப்படியானாலும் 41.67 மில்லிவிநாடி சரியாகக் கிடைத்துவிடுகிறது. பழைய ஷட்டர் இதழ்கள் செய்த வேலையை இப்போது சில்லுகள் செய்கின்றன. 2017 டிசம்பரில் ஆப்பிள் டிவி பெட்டிக்கு இந்த வசதி வந்தது. ஆண்ட்ராய்ட் டிவிகளிலும் இப்போது உண்டு. பெரும்பாலும் வாங்கும்போது அணைந்தே இருக்கும். திரை கறுப்பதைப் பழுது என்று வாங்கியவர்கள் நினைத்துவிடக்கூடும் என்ற பயம்தான் காரணமாக இருக்க வேண்டும். பெட்டியையும் டிவியையும் இணைக்கும் எச்டிஎம்ஐ-யின் 2.1 பதிப்பில் அந்தக் கறுப்பையும் போக்க வழி வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த ஒரு விநாடி இருட்டு உறுத்துவதே இல்லை. படம் தொடங்குமுன் திரை தன்னைச் சரிசெய்துகொள்கிறது என்று தெரிந்தால் காத்திருப்பதில் ஒரு சந்தோஷமே இருக்கிறது.

இன்னும் நுணுக்கமான ஒன்று. எல்லா 24-உம் 24 அல்ல. அமெரிக்காவில் 1953-ல் டிவிக்கு வண்ணம் ஏற்றியபோது 60-ஐ ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்து 59.94 ஆக்கினார்கள். அந்தச் சிறு குறைப்பு படத்துக்கும் தொற்றி 24 என்பது பல இடங்களில் 23.976 ஆனது. கொட்டகைக்குப் போகும் தமிழ்ப் படம் சுத்தமான 24. ஸ்ட்ரீமிங்கில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. 24-ஐ 23.976-ல் ஓடும் திரையில் விட்டால் என்ன ஆகும்? ஏறத்தாழ 42 விநாடிக்கு ஒரு ஃப்ரேம் மிஞ்சிவிடும், அதைத் தூக்கிப்போட வேண்டியதுதான். இரண்டரை மணி நேரப் படத்தில் சுமார் 216 ஃப்ரேம். பேச்சுக் காட்சியில் போனால் யாருக்கும் தெரியாது. கடலில் மெதுவாக வள்ளம் போகும் காட்சியில் போனால், பாய்மரம் ஒரே ஒரு தடவை விக்கும். நல்ல பெட்டி இந்த இரண்டையும் பிரித்தறிந்து தனித்தனியாகப் பொருத்தும். ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட விட்டுக்கொடுக்காமல் எழுதப்பட்ட அந்த மென்பொருளின் பின்னால் இருப்பவர்களை நான் மனமார வாழ்த்துகிறேன்.

120 ஹெர்ட்ஸ் வாங்கிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். 24-க்கும் 30-க்கும் 60-க்கும் தீரும். மூன்றும் 120-ஐச் சரியாக வகுக்கும். 25-க்கும் 50-க்கும் தீராது. நம் நாட்டில் கிரிக்கெட் ஒளிபரப்பு இன்றும் 50 கணக்கு. அதை 60 ஹெர்ட்ஸ் போனில் பார்த்தால் ஐந்து ஃப்ரேமுக்கு ஒன்று இரட்டிக்கும்; எல்லைக் கோட்டை நோக்கி ஓடும் பந்து விநாடிக்குப் பத்துத் தடவை தடுக்கும். 120-லும் இரண்டு, மூன்று என்று மாறி மாறித்தான் வரும். அதற்குத் திரை 50-க்கோ 100-க்கோ இறங்க வேண்டும். 24, 25, 30, 50, 60 ஐந்தும் மிச்சமின்றி வகுக்கும் மிகச் சிறிய எண் 600. அப்படி ஒரு திரை வீட்டுக்குத் தேவையில்லை. வருகிற படத்துக்கு ஏற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் திரை போதும். 120 என்று பெட்டியில் அச்சடித்த போன்கள் பலவும் வீடியோ ஓடத் தொடங்கியதும் பேட்டரியை மிச்சம் பிடிக்க 60-க்கு இறங்கிவிடுகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் டிவியில் ‘மோஷன் ஸ்மூத்திங்’ என்பதைப் போட்டுவிடக் கூடாது. அது வேறு. இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே என்ன இருந்திருக்கும் என்று டிவி தானே ஊகித்துப் புதிய படங்களை வரைந்து செருகுவது. கேமரா பார்க்காத ஒன்றைத் திரை பார்த்ததாகக் காட்டுவது. பனையோலையின் நுனியும் வலையின் கண்ணியும் அந்த ஊகத்தில் குழைந்துபோகும். 2018 டிசம்பரில் டாம் குரூஸ் படப்பிடிப்புத் தளத்திலிருந்தே ஒரு வீடியோவில் வந்து, தயவுசெய்து அதை அணையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டு, அதை அணைத்துவைக்கும் ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்ற ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. நான் சொல்லும் ஃப்ரேம் ரேட் பொருத்துதல் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. இருக்கும் 24-ஐ அதனதன் இடத்தில், அதனதன் நேரத்துக்கு நிறுத்துகிறது, அவ்வளவுதான். 24-க்கே உரிய அந்த லேசான அதிர்வு அப்போதும் இருக்கும். ஓஎல்இடி திரையில் இன்னும் கூர்மையாகவே தெரியும், ஏனென்றால் அதன் புள்ளிகள் நொடியில் மாறி அசையாமல் நிற்பவை. அந்த அதிர்வைத் தெரிந்தேதான் ஒளிப்பதிவாளர் பேனின் வேகத்தை வைக்கிறார். அது அவருடையது. இரண்டு-மூன்று நொண்டல் அவருடையதல்ல. மணிரத்னத்தின் ‘கடல்’ (2013) படத்துக்காக ராஜீவ் மேனன் இதே மாவட்டத்து மணப்பாட்டில் எடுத்த கடற்கரையை, இரண்டு விதமாகவும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். மணலும் தண்ணீரும் சந்திக்கும் விளிம்பைப் பாருங்கள். நுரை பின்வாங்கும்போது ஈர மணலில் ஒரு பளபளப்பு பின்னாலேயே போகும்; அது தொடர்ந்து போகிறதா, துண்டு துண்டாகப் போகிறதா என்பதில் வித்தியாசம் தெரிந்துவிடும்.

பார்ப்பவருக்கு உள்ள இந்தக் கணக்கு எடுப்பவருக்கும் உண்டு. மின்விளக்கு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்குகிறது. 24 ஃப்ரேமில், வழக்கமான 180 டிகிரி ஷட்டரில், அதாவது சுழல்வட்டின் பாதி திறந்திருக்க, எடுத்தால் ஒவ்வொரு ஃப்ரேமும் 48-ல் ஒரு விநாடி ஒளி வாங்கும். விளக்கின் துடிப்போடு அது ஒட்டாது, படத்தில் வெளிச்சம் சிமிட்டும். அதனால் நம் ஒளிப்பதிவாளர்கள் ஷட்டரை 172.8 டிகிரிக்குக் குறைப்பார்கள். ஒளி வாங்கும் நேரம் சரியாக 50-ல் ஒரு விநாடி ஆகிவிடும். விளக்கின் இரண்டு துடிப்பு முழுதாக உள்ளே அடங்கும். எந்த ஃப்ரேமுக்கும் வெளிச்சம் கூடாது, குறையாது. வெறும் 7.2 டிகிரி. அமெரிக்க ஒளிப்பதிவாளருக்குத் தன் ஊரில் தேவைப்படாத, நமக்குத் தினமும் தேவைப்படுகிற அந்தச் சிறு வெட்டு, நம் மின்சாரத்தை மதித்து நாம் செய்துகொண்ட திருத்தம்.

போனில் எடுப்பவர்கள் இந்தக் கரையில் இப்போது நிறைய. ‘உங்கள் மீனவன் மூக்கையூர்’, ‘தூத்துக்குடி மீனவன்’ போன்ற சேனல்கள் கடலுக்குள்ளிருந்தே படம்பிடித்துக் காட்டுகின்றன. போன் வழக்கமாக எடுப்பது 30 ஃப்ரேம். 60 ஹெர்ட்ஸ் திரையில் சரி இரண்டு. பகல் வெளிச்சத்தில், நடுக்கடலில், அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. விடியுமுன் விளக்கு வெளிச்சத்தில் ஏலம் நடக்கும் இடத்துக்கு வந்தால்தான் தகராறு. மலிவான எல்இடி விளக்கின் கீழ் 30 ஃப்ரேமில், ஷட்டர் 60-ல் ஒரு விநாடி என்று நின்றுவிட்டால் கரும்பட்டைகள் மீன் குவியலின் மேல் ஊர்ந்துகொண்டே இருக்கும். அதே இடத்தில் 25 ஃப்ரேம் வைத்தால் ஒரு ஃப்ரேமுக்கு விளக்கின் துடிப்பு சரி நான்கு. பட்டை வந்தாலும் நகராது. ஷட்டரையும் 50-ல் ஒரு விநாடி ஆக்கினால் பட்டையே வராது.

ஆகஸ்ட் 5-ல் பனிமய மாதா திருவிழாவுக்குத் தூத்துக்குடியிலும், அந்தந்த ஊர்த் திருவிழாவுக்கு இந்தக் கடற்கரை ஊர்களிலும் இரவில் சப்பரம் எடுக்கும்போது படமெடுக்கிற தம்பிகளிடம் இதைத்தான் சொல்வேன். ஆயிரம் சர விளக்குகளுக்கு நடுவே சப்பரம் ஒரே நிதானத்தில் நகர்கிறது. அந்த நிதானத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் 25-ல் எடுங்கள், 50 ஹெர்ட்ஸுக்கு மாறத் தெரிந்த டிவியில் போட்டுக்காட்டுங்கள். 30-ல் எடுத்துவிட்டுப் பிறகு 25 ஆக மாற்றினால் ஆறு ஃப்ரேமுக்கு ஒன்று உதிர்ந்துபோகும், எந்த எடிட்டிங்காலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆகவே எடுக்குமுன்பே முடிவு செய்துவிடுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு 25 என்ற எண் முதலில் கண்ணிலேயே படாது. வீடியோ அமைப்புக்குள் போய் ‘பால்’ வடிவங்களைக் காட்டு என்ற இடத்தைத் திறந்தால்தான் வரிசையில் வந்து நிற்கும்.